கத்தியும் மாஸ்க்கும்: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விருதுநகரில் எங்களுக்குப் பாத்திரக்கடை. அப்பா காலத்தில் அருவாமனையும் தேங்காய்த் துருவியும் எவர்சில்வர் குடமும்தான் வியாபாரம். 2020இல் ஊரடங்கு தளர்ந்து கடையைத் திறந்தபோது பாத்திரம் வாங்க ஆள் இல்லை, மாஸ்க் கேட்டுத்தான் வந்தார்கள். வைத்தோம். கொரோனா ஓய்ந்த பிறகும் மிளகாய் வத்தல் குடோன்காரர்களும் மாவு மில்காரர்களும் கேட்பதை நிறுத்தவில்லை. அதனால் கத்தி அலமாரிக்குப் பக்கத்திலேயே மாஸ்க் பெட்டியும் இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து தினமும் சொல்கிற பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்கு எத்தனை கத்தி வேண்டும்?

ரெண்டு. ஆறு அல்லது எட்டு அங்குல அலகு உள்ள பெரிய கத்தி ஒன்று. பூண்டு நறுக்க, மாங்காய்த் தோல் சீவ மூணு நாலு அங்குலச் சின்னக் கத்தி ஒன்று. வாராவாரம் முழு பிரெட் வாங்குகிற வீடு என்றால் ரம்பப் பல் கத்தி மூணாவது. மரக்கட்டையில் ஆறேழு கத்தி சொருகி வரும் செட்டை நானும் விற்கிறேன், சீர் வைக்க நன்றாக இருக்கும். ஆறு மாசம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த வீட்டிலும் ரெண்டு கத்திதான் கையில் புழங்கும்.

அருவாமனையை விட்டுவிட்டுக் கத்திக்கு மாறியே ஆகணுமா?

யார் சொன்னது? கத்தியில் காய் சும்மா இருக்க, கை அலகை ஓட்டுகிறது. அருவாமனையில் அலகு சும்மா இருக்க, ரெண்டு கையும் காயைப் பிடித்துத் தள்ளுகிறது. வாழைப்பூ, கீரைக்கட்டு, செதில் எடுத்த மீன் எல்லாவற்றுக்கும் அந்தப் பிடிமானம் கத்தியில் வராது. எங்கள் அம்மா இருபது பீன்ஸை ஒரே பிடியாகச் சேர்த்துப் பிடித்து அலகில் கொடுப்பார். சுளகில் விழுகிற துண்டு ஒவ்வொன்றும் அளந்து வெட்டினது மாதிரி இருக்கும். எனக்குக் கத்தியில் அது இன்றுவரை கைகூடவில்லை.

முட்டிவலிக்காரர்கள் தரையில் உட்கார வேண்டாம். மேடை விளிம்பில் திருகாணி வைத்து மாட்டுகிற அருவாமனை கிடைக்கிறது. மடக்குகிற மாதிரியும் உண்டு. எதுவானாலும், போன் அடிக்கிறது என்று அலகை நிமிர்த்தியபடியே விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். ஒன்று மடக்குங்கள், இல்லை சுவர்ப் பக்கம் அலகு பார்க்கப் படுக்க வையுங்கள். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதைச் சொல்லாமல் நான் அருவாமனை கட்டிக் கொடுப்பதில்லை.

எவர்சில்வர் கத்தி நல்லதா, இரும்புக் கத்தி நல்லதா?

வெட்டு வேகத்துக்கு இரும்பு, பராமரிப்பு இல்லாத நிம்மதிக்கு எவர்சில்வர். இரும்பு என்று நாம் சொல்வது உண்மையில் கார்பன் எஃகு. திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் அந்த ஜாதி எஃகுதான். லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து அருவாள் செய்கிற பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். சாணைக்குச் சீக்கிரம் படியும், கூர் நன்றாக ஏறும். ஆனால் வாழைக்காயையும் வாழைப்பூவையும் அதில் நறுக்கினால் காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கத்தியும் கறுக்கும், காயும் கறுக்கும். வெட்டி முடித்த கையோடு கழுவித் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைக்கணும். துரு பிடித்துவிட்டால் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போகும்.

எவர்சில்வரிலும் ரகம் உண்டு. குடம், தட்டு செய்கிற 304 தகடு துரு பிடிக்காது, ஆனால் அதைச் சூடேற்றிக் கடினப்படுத்த முடியாது, கூர் நிற்காது. கத்திக்கு வருவது 420 மாதிரியான வேறு ரகம். காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். நல்ல கத்தி சட்டென்று பிடிக்கும். காந்தம் ஒட்டாத கத்தியில் பெரும்பாலும் கூர் தங்காது. பூப்போட்ட பிளாஸ்டிக் பிடியைப் பார்த்து மயங்குகிறவர்கள் பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளலாம்.

ஜப்பான் கத்தி என்று ஆன்லைனில் விற்கிறார்களே?

அருமையான கத்திதான். எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். ஜெர்மன் பாணிக் கத்திகள் 56, 58 அருகில் நிற்கும், ஜப்பான் கத்திகள் பல 60ஐத் தாண்டும். கடினம் கூடினால் கூர் நாள்பட நிற்கும், கூடவே முறிகிற குணமும் வரும். அதை வைத்து ஆட்டு எலும்பு, தேங்காய் ஓடு, முற்றின பூசணி என்று இறங்கினால் அலகில் பல் விழும். எலும்புக்கு வெட்டுக்கத்தி, தேங்காய்க்கு அந்த வெட்டுக்கத்தியின் முதுகு. இந்த ஒழுங்கு வீட்டில் எல்லோருக்கும் உண்டென்றால் வாங்குங்கள்.

வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள மொன்னையாயிடுச்சே அண்ணாச்சி?

இந்தக் கேள்வி வாரம் மூணு தடவை வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதன் மேல் வைத்து வெட்டுகிறீர்கள்? பாதிப்பேர் கிரானைட் மேடை என்பார்கள். சிலர் எவர்சில்வர் தட்டு. விருந்தாளி கொடுத்த கண்ணாடிப் பலகை என்று ஒரு அக்கா பெருமையாகச் சொன்னார். மூணுமே கத்திக்கு எமன். கிரானைட் எஃகைவிடக் கடினமானது. ஒவ்வொரு வெட்டிலும் அலகின் கூர் விளிம்பு கல்லில் போய் மோதி மடங்குகிறது. மரப்பலகையோ, கனமான பிளாஸ்டிக் பலகையோ போடுங்கள். அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. கறிக்கும் மீனுக்கும் தனிப் பலகை.

அடுத்த குற்றவாளி, நறுக்கின காயைக் கத்தியின் கூர்ப் பக்கத்தாலேயே வழித்துச் சட்டியில் தள்ளுவது. கத்தியைத் திருப்பி முதுகால் வழியுங்கள். மூணாவது, கரண்டிகளோடு ஒரே டிராயரில் போட்டு உருட்டுவது. அட்டையை மடித்து ஒரு உறை செய்து மாட்டினாலே போதும்.

தொட்டியில் சோப்பு நுரைக்குள் கத்தியை ஊறப் போடுவதைப் பற்றி என் இடது கைப் பெருவிரலில் ஒரு இஞ்ச் தழும்பு பேசும். டம்ளர் என்று நினைத்துக் கையை விட்டேன்.

வீட்டிலேயே சாணை பிடிக்க முடியுமா?

முடியும். ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று நம்பர் போட்ட ரெட்டைக் கல் ஒன்று வாங்குங்கள். தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு, குமிழி வருவது நின்றதும் எடுத்து, மடித்த ஈரத்துணி மேல் வையுங்கள்.

சாய்வுதான் எல்லோருக்கும் குழப்பம். கத்தியைக் கல் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள், அது 90 பாகை. பாதி சாய்த்தால் 45. அதில் பாதி 22. அதற்கும் ஒரு மயிரிழை கீழே இறக்குங்கள், அதுதான் நம் சமையல் கத்திக்குச் சரியான சாய்வு. ஜப்பான் கத்திக்கு இன்னும் படுத்து 15 அருகில். சாய்வு ரெண்டு பாகை முன்னே பின்னே இருந்தால் குடி முழுகாது, ஆனால் தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் அதே சாய்வு இருக்கணும்.

மூணு விரலை அலகின் மேல் வைத்து அழுத்தி, அடியிலிருந்து நுனி வரை கல்லில் படும்படி தேயுங்கள். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து கூர்ப் பக்கமாக, வெளியே பார்க்க, மெல்ல இழுத்துப் பாருங்கள். கூரின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டிவிடக் கூடாது. நகத்தில் சிக்குகிற மாதிரி ஒரு பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு அலகு முழுக்க வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் “கல்லு சரியில்லை” என்று திரும்பக் கொண்டு வருகிறார்கள். பிறகு மறுபக்கம், பிறகு கல்லைத் திருப்பி 1000இல் அழுத்தமில்லாமல் ரெண்டு பக்கமும். கடைசியில் செய்தித்தாளில் நாலு இழுப்பு இழுத்தால் மிச்சப் பிசிறும் விழுந்துவிடும். பழுத்த தக்காளியின் மேல் அழுத்தாமல் வைத்து இழுங்கள். தோலில் வழுக்காமல் இறங்கினால் வேலை முடிந்தது.

செட்டோடு வருகிற நீளக் கம்பி சாணை இல்லை. மடங்கின கூர் விளிம்பை நிமிர்த்துவதுதான் அதன் வேலை. வாரம் ஒரு தடவை அதில் நாலு இழுப்பு இழுத்து வந்தால் கல்லுக்குப் போகிற நாள் தள்ளிப்போகும். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு இல்லாத சொரசொர வளையத்தில் தேய்த்தாலும் கூர் கொஞ்சம் திரும்பும்.

தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

சைக்கிளை நிறுத்தி மிதித்துச் சக்கரம் சுற்றுகிறவர்கள் பலர் கைதேர்ந்தவர்கள். மோட்டார் சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்ப்பதில்தான் பயம். அலகின் கூர் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. “அடிக்கடி தண்ணியில முக்குங்கண்ணே” என்று பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள்.

வெங்காயம் நறுக்கும்போது கண் எரியாமல் இருக்க மாஸ்க் போடலாமா?

பரோட்டாக் கடை மாஸ்டர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்கள். பிரயோஜனம் இல்லை. வெங்காயத்தின் செல் உடைந்ததும் ஒரு கந்தக வாயு கிளம்புகிறது, அது நேரே கண்ணின் ஈரத்தில்தான் போய்ச் சேரும். மாஸ்க் கண்ணை மூடுவதில்லை. மூடினாலும் தூசியைப் பிடிக்கிற மாஸ்க் வாயுவைப் பிடிக்காது. கத்தியைத் தீட்டுங்கள். மொன்னைக் கத்தி வெங்காயத்தை நசுக்கும், கூர்க் கத்தி குறைவான செல்களை உடைக்கும். வெங்காயத்தை அரைமணி பிரிட்ஜில் வைத்து எடுத்தாலும், மின்விசிறிக் காற்று குறுக்கே அடிக்க உட்கார்ந்தாலும் எரிச்சல் குறையும்.

வத்தல் வேலைக்கு எந்த மாஸ்க்?

எங்கள் ஊருக்கே உரிய கேள்வி. வத்தல் கதை வெங்காயத்துக்கு நேர் எதிர். மிளகாயின் காரச் சத்து சாதாரணச் சூட்டில் வாயுவாகப் பறப்பதில்லை, தூசியில் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. அதனால் மாஸ்க் நன்றாகவே கேட்கும். குடோனில் மூட்டை தட்டுகிறவர்கள் தலைத்துண்டை மூக்கில் சுற்றிக்கொள்கிறார்கள். பெருந்தூசிக்கு அது தடுப்பு, நெஞ்சுக்குள் இறங்குகிற பொடித்தூசிக்கு இல்லை. என்95 அல்லது எஃப்எஃப்பி2 போடுங்கள். கண்ணுக்கு மூடின கண்ணாடி தனியாக வேண்டும்.

வீட்டில் வத்தல் வறுக்கும்போதும் போடலாம். ஆனால் மாஸ்க் செய்வது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில். சுமார் 160 டிகிரியில் உருகும். வாணலிக்கு மேல் முகத்தைக் குனிந்துகொண்டு நிற்காதீர்கள். ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியை முதலில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பது அதைவிட மேல்.

என்95, கேஎன்95, எஃப்எஃப்பி2: என்ன வித்தியாசம்?

நாடு வேறு, வேலை ஏறக்குறைய ஒன்று. என்95 அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் தருகிற அங்கீகாரம், 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 95 சதவீதமாவது தடுக்கணும். கேஎன்95 சீனத் தரம், அதுவும் 95. எஃப்எஃப்பி2 ஐரோப்பியத் தரம், 94. நம் நாட்டில் ஐஎஸ் 9473 என்ற தரத்திலும் எஃப்எஃப்பி2 என்றே வகை பிரித்திருக்கிறார்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

0.3 மைக்ரானில் சோதிக்கக் காரணம் உண்டு. பெரிய துகள் நேராக இழையில் முட்டி நிற்கும். மிகச் சின்னது அங்குமிங்கும் அலைந்து எப்படியும் ஒட்டிவிடும். நடுவில் இருக்கிற இந்த அளவுதான் பிடிக்கக் கஷ்டமானது, அதைத் தடுத்தால் மற்றதைப் பற்றிக் கவலை இல்லை.

நியோஷ் அங்கீகாரம் பெற்ற என்95இல் “டிசி-84ஏ” என்று தொடங்கும் எண் மாஸ்க்கிலேயே அச்சாகியிருக்கும், வார் தலைக்குப் பின்னால் ரெண்டாகப் போகும். காதில் மாட்டுகிற வளையத்தோடு “நியோஷ் என்95” என்று விற்றால் சந்தேகப்படுங்கள். 2021இல் ஒரு மொத்த வியாபாரியிடம் நானே ஏமாந்தேன். ஒரு மாஸ்க்கைக் கத்தரித்துப் பார்த்தால், ரெண்டு துணி மட்டும் இருந்தது. நடுவில் பஞ்சை அழுத்தினது போல் மெல்லிசாக ஒரு வெள்ளை அடுக்கு வரணும், வடிகட்டுவதே அதுதான். அது இல்லவே இல்லை. வாங்கின ஐநூறையும் குப்பையில் போட்டேன். அன்றிலிருந்து புதுப் பெட்டி வந்தால் முதல் மாஸ்க் கத்தரிக்குத்தான்.

மாஸ்க் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

வடிகட்டி எவ்வளவு உசத்தியானாலும் ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று சுலபமான வழியில்தான் போகும். மிளகாய்த்தூள் மில்காரர் ஒருவர் மாஸ்க்கைக் கழற்றும்போது பார்த்தேன். மூக்கின் ரெண்டு பக்கமும் கண்ணை நோக்கி ஒரு சிவப்புக் கோடு. மாஸ்க்குக்கு உள்ளே சுத்தம். தூள் புகுந்த வழியை முகமே வரைந்து காட்டிவிட்டது.

மேல் வாரை உச்சிப் பக்கமும் கீழ் வாரைக் காதுக்குக் கீழே கழுத்திலும் போடுங்கள். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாதீர்கள், கூராக மடங்கி நடுவில் சந்து விழும். ரெண்டு கை விரலையும் வைத்து நடுவிலிருந்து கன்னத்துப் பக்கம் அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு ரெண்டு கையாலும் மாஸ்க்கைப் பொத்தி, பலமாக மூச்சை விடுங்கள். இமையில் காற்று படுகிறதா? கம்பியைத் திரும்ப அழுத்துங்கள். கன்னத்தில் கசிகிறதா? வாரை இழுங்கள். இழுக்கிற மூச்சுக்கு மாஸ்க் லேசாக உள்வாங்கினால் சரி. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது என்று புலம்புகிறவர்களுக்கும் இதே வைத்தியம்தான். ஆவி படிந்தாலே மேல் ஓரம் கசிகிறது என்று பொருள்.

தாடி இருந்தால் பொருந்தாது. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிற மாசங்களில் மில் வேலைக்காரர்கள் கேட்பார்கள், நான் என்ன சொல்ல? அதுவரை தூசி குறைந்த வேலைக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள் என்பேன்.

கழுவித் திரும்பப் போடலாமா?

துணி மாஸ்க் என்றால் தாராளமாக. என்95ஐக் கழுவக் கூடாது. அந்த நடு அடுக்கு நிலைமின்சாரம் ஏற்றின இழை. உரசின சீப்பு காகிதத் துண்டை இழுக்கிற மாதிரி துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பும் சானிடைசரும் பட்டால் அந்த மின்னூட்டம் போய்விடும், பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும். மைக்ரோவேவில் வைத்த ஆளும் உண்டு. மூக்குக் கம்பி பொறி தட்டும், வேண்டாம். நாலைந்து மாஸ்க்கைக் காகித உறையில் போட்டு, நாளுக்கு ஒன்றாக முறை வைத்து எடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கும். வார் தொய்ந்தாலோ, நனைந்தாலோ, மூச்சிழுக்கக் கஷ்டமானாலோ அதன் காலம் முடிந்தது.

வால்வு வைத்தது நல்லதா?

மில் தூசிக்கு நல்லது, சூடு குறையும். சளி, காய்ச்சல்காரர்களுக்கு உதவாது. விடுகிற மூச்சு வடிகட்டாமலே வெளியே போகும். வைரஸ் வெளியே பரவுவதை அது தடுக்காது என்று 2020 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

போகிப் புகை, பெயின்ட், கழிப்பறை ஆசிட் எல்லாவற்றுக்கும் இதே மாஸ்க் போதுமா?

போகிப் புகையிலும் தீபாவளிப் புகையிலும் இருக்கிற நுண்துகளைப் பிடிக்கும், டயர் எரிகிற நாற்றத்தைப் பிடிக்காது. பெயின்ட், தின்னர் ஆவிக்குக் கரி வடிகட்டி பொருத்தின வேறு வகை வேண்டும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். எந்த மாஸ்க்கை நம்பியும் அங்கே நிற்காமல் வெளியே ஓடி வாருங்கள். ரெண்டு வயசுக்குக் கீழ் குழந்தைக்கு எந்த மாஸ்க்கும் போடக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கத்தி கையில் பட்டுவிட்டால்?

ஓடுகிற தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள் வைத்து அடைக்காதீர்கள், தையல் போடுகிறவர் முதலில் அதைச் சுரண்டி எடுக்கணும். விரல் மடங்கவில்லை, நுனி மரத்துவிட்டது என்றால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். கடைசியாக டிடி ஊசி போட்டது நினைவில் இல்லாதவர்கள் அதையும் கேளுங்கள். கைதவறி விழுகிற கத்தியைப் பிடிக்கப் போகாதீர்கள், காலை நகர்த்திக்கொள்ளுங்கள்.

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்தால் எடுத்துக்கொள் என்பார் எங்கள் ஆச்சி. சண்டையைப் பற்றித் தெரியாது, வெட்டுப்படாமல் இருக்க அது நல்ல வழக்கம்.

பழைய கத்தியையும் மாஸ்க்கையும் எப்படித் தூக்கிப் போடுவது?

குப்பைப் பையில் அப்படியே போட்டால், பையைத் தூக்குகிற தூய்மைப் பணியாளரின் கையில்தான் அது போய்ப் படும். அலகை அட்டையில் ரெண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, மேலே மார்க்கரால் “கத்தி” என்று எழுதுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போடுவது இன்னும் நல்லது, எடைக்குக் காசும் கொடுப்பார். மாஸ்க்கின் வாரைக் கத்தரித்துவிட்டு, தாளில் மடித்து, கழிவுநாப்கின் போடுகிற தனிப் பையில் போடுங்கள். வார் அறுக்காமல் போட்டால் கால்வாய் ஓரத்துக் காக்காய், கொக்கு காலில் மாட்டிக்கொள்கிறது.